பாறைக்குள் ஆறும் சூடு

ஃபின்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒல்கிலுவோட்டோ தீவில், தரைக்கு 400 மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் சுரங்கங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுரங்கத் தரையில் வரிசையாகச் செங்குத்துக் குழிகள். ஒரு குழி சுமார் 8 மீட்டர் ஆழம், 1.75 மீட்டர் அகலம். அதற்குள் 5 சென்டிமீட்டர் கனமுள்ள செப்பு உருளை இறங்கும். செம்புக்குள் ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் அறைகளில் அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் தொகுதிகள். உருளையைச் சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண்ணை அழுத்திச் செய்த வளையங்கள். இந்த இடத்தின் பெயர் ஓன்கலோ. பயன்படுத்திய அணு எரிபொருளை நிரந்தரமாகப் புதைப்பதற்கென்றே உலகில் முதலில் கட்டப்பட்ட ஆழ்நிலப் புதைவிடம் இதுதான்.

ஓன்கலோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் லட்சம் ஆண்டு என்ற எண் முன்னால் வந்து நிற்கிறது. கதிரியக்கம் அத்தனை காலம் நீடிக்கும் என்பது உண்மை. அந்த நினைப்பே ஆளை மலைக்க வைக்கும் என்பதும் உண்மை. ஆனால் சுரங்கங்களை எவ்வளவு இடைவெளி விட்டு வெட்டுவது, ஓர் உருளைக்குள் எத்தனை தொகுதிகளை வைப்பது, எத்தனை ஆண்டு காத்திருந்து கீழே இறக்குவது என்ற மூன்றையும் முடிவு செய்தது வேறோர் எண். ஒல்கிலுவோட்டோவின் முதல் இரண்டு உலைகளிலிருந்து வரும் எரிபொருளைச் சுமக்கும் உருளை, புதைக்கும் நாளில் 1,700 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியிடக் கூடாது. சுவீடனும் இதே வரம்பை வைத்திருக்கிறது. வீட்டுச் சமையலறையின் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ இவ்வளவுதான். கேட்பதற்குச் சிறிய சூடு. ஆனால் அதை அணைக்க முடியாது. அதன்மேல் காற்றுப் படாது. அதுபோல ஆயிரக்கணக்கில் ஒரே பாறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆழ்நிலப் புதைப்பின் வரலாற்றை இந்தச் சூட்டின் வரலாறாகப் படித்தால், எந்த நாடு எங்கே சறுக்கியது, எது நிதானமாக நடந்தது, இந்தியா எங்கே நிற்கிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

சூடு எங்கிருந்து வருகிறது? உலைக்குள் யுரேனியம் பிளக்கும்போது சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்ற துண்டுகள் பிறக்கின்றன. யுரேனியத்தில் பிளவுபடாத பகுதி நியூட்ரானை விழுங்கி புளூட்டோனியமாகவும், அமெரிசியமாகவும், கியூரியமாகவும் மாறுகிறது. இவை எல்லாமே நிலையற்றவை. சிதையும்போது வீசும் கதிரை எரிபொருளும் அதைச் சூழ்ந்த பொருளும் விழுங்கிக்கொள்ள, அது சூடாக மாறுகிறது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் உலையின் வெப்ப ஆற்றல் சுமார் 3,000 மெகாவாட். பிளவுத் தொடரை நிறுத்திய அந்த நொடியிலும் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்குச் சூடு மிஞ்சியிருக்கும். ஒரு நாள் கழித்து அது அரை சதவீதத்துக்கு இறங்கும். 2011-ல் ஃபுகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காகவே நின்றன. அவற்றை உருக்கியது இந்த மிச்சச் சூடுதான்.

உலைக்கு வெளியே வந்த கழிவிலும் இந்தச் சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் யூரல் மலைப் பகுதியில் மாயாக் என்ற புளூட்டோனிய ஆலை இருந்தது. அங்கே எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் திரவக் கழிவைத் தரைக்கடியில் புதைத்த எஃகுத் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். தொட்டிகளைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தொட்டியில் குளிர்நீர் அமைப்பு பழுதானது, சரிசெய்யப்படாமலே கிடந்தது. உள்ளே இருந்த 70, 80 டன் கழிவு தன் சூட்டிலேயே வற்றியது. அடியில் நைட்ரேட், அசிட்டேட் உப்புகள் காய்ந்து படிந்தன. 1957 செப்டம்பர் 29 அன்று அந்த உப்பு வெடித்தது. மேலே இருந்த கனத்த கான்கிரீட் மூடி தூக்கி எறியப்பட்டது. சுமார் 2 கோடி கியூரி கதிரியக்கம் வெளிப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்கு காற்றில் ஏறி வடகிழக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியது. அது அணு வெடிப்பு அல்ல. சூட்டால் தூண்டப்பட்ட வெறும் வேதியியல் வெடிப்பு. கிராமங்கள் காலி செய்யப்பட்டன, காரணம் சொல்லப்படவில்லை. 1976-ல் ஜோரஸ் மெத்வதேவ் என்ற நாடு கடந்த ரஷ்ய அறிவியலாளர் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. கழிவைத் திரவமாக வைத்திருக்கக் கூடாது, கண்ணாடியாகவோ வேறு திண்மமாகவோ மாற்ற வேண்டும், குளிரூட்டுவதற்கு இயந்திரத்தை நம்பியிருக்கக் கூடாது என்ற பாடங்களை இந்த ஒரு தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சூடு குறையும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் சில நூறு ஆண்டுகள் சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 ஆகியவற்றின் காலம். இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 ஆண்டு. முந்நூறு ஆண்டில் அவை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு சூட்டைத் தருவது பெரும்பாலும் அமெரிசியம்-241. அதன் அரை ஆயுள் 432 ஆண்டு. அதுவும் ஓய்ந்த பின் 24,100 ஆண்டு அரை ஆயுளுள்ள புளூட்டோனியம்-239 மெல்லிய சூட்டோடு நெடுங்காலம் நிற்கும். ஆகவே உலையிலிருந்து எடுத்த எரிபொருளை முதலில் நீர்க் குளத்தில், பிறகு குளத்திலோ உலர் கலத்திலோ 40, 50 ஆண்டு வைத்தால், சீசியத்தின் சூடு பாதிக்கும் கீழே இறங்குகிறது. அப்போதுதான் அது பாறைக்குள் போகத் தகுதி பெறுகிறது. இந்த ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு பொறியியல் கணக்கிலேயே அடங்கியது.

சரி, 1,700 வாட் என்ற வரம்பு ஏன்? செம்புக்காக அல்ல. செம்பு அதைவிட எவ்வளவோ சூட்டைத் தாங்கும். பாறையும் தாங்கும். தாங்காதது இடையில் இருக்கும் களிமண். பென்டோனைட்டின் சிறப்பு, தண்ணீர் பட்டால் உப்பிப் பெருத்து எல்லா இடுக்குகளையும் அடைத்துக்கொள்வது. உப்பிய பிறகு அதற்குள் நீர் ஓடாது. எது நகர்ந்தாலும் ஊறி ஊறித்தான் நகர வேண்டும். சூடு கூடினால் இந்தக் களிமண்ணின் கனிமங்கள் மெல்ல மாறும், கரைந்த உப்புகள் சூடான பக்கம் வந்து படியும், களிமண் இறுகி உப்பும் குணத்தை இழக்கும். அதனால் ஃபின்லாந்து, சுவீடன் என்ற நார்டிக் நாடுகள் இரண்டும் களிமண்ணின் எந்தப் பகுதியும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று கோடு போட்டன. அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வாட் வருகிறது.

இங்கே நுணுக்கமான ஒரு முரண் இருக்கிறது. நனைந்த களிமண் சூட்டை நன்றாகக் கடத்தும். காய்ந்த களிமண் கடத்தாது. புதைவிடத்துக்கு நாம் தேடுவதோ தண்ணீர் கசியாத இறுக்கமான பாறை. அப்படிப்பட்ட நல்ல பாறையில் வெட்டிய குழியில் களிமண் முழுதாக நனைய நூற்றுக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். உருளை மிகச் சூடாக இருப்பதோ முதல் சில பத்தாண்டுகளில். அதாவது சூடு உச்சத்தில் இருக்கும்போது களிமண் காய்ந்துகிடக்கும். வேறு எல்லா வகையிலும் சிறந்த குழி, சூட்டு வகையில் மோசமான குழியாகிறது. ஆகவே வடிவமைப்பாளர்கள் காய்ந்த குழியையே கணக்கில் எடுத்து வரம்பை வைக்கிறார்கள்.

இதைக் காகிதத்தில் மட்டும் நம்ப முடியாது என்பதால் சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் மலைக்குள் ஒரு நீண்ட சோதனை நடந்தது. ஸ்பெயினின் தலைமையில் நடந்த அதன் பெயர் ஃபெபெக்ஸ். கிரானைட் சுரங்கம் ஒன்றில் உருளை அளவுள்ள இரண்டு மின்சூடேற்றிகளைப் பென்டோனைட் கட்டிகளால் சூழ்ந்து, 1997 பிப்ரவரியில் சூடேற்றத் தொடங்கி, மேற்பரப்பை 100 டிகிரியில் நிறுத்தினார்கள். ஒன்றை 2002-ல் அணைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். மற்றது 2015 வரை, 18 ஆண்டு ஓடியது. பிரித்தபோது களிமண்ணை அடுக்கடுக்காக அறுத்து ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். கட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் மூடிக்கொண்டிருந்தன. பாறையை ஒட்டிய களிமண் நன்றாக நனைந்திருந்தது. சூடேற்றியை ஒட்டிய களிமண்ணில் பதினெட்டு ஆண்டு கழித்தும் ஈரம் குறைவாகவே இருந்தது. களிமண் தன் வேலையைச் செய்கிறது என்பதும், மெதுவாகவே செய்கிறது என்பதும் ஒரே சோதனையில் தெரிந்தன. ஒரு முடிவுக்காகப் பதினெட்டு ஆண்டு காத்திருந்த அந்தப் பொறுமைதான் இந்தத் துறைக்குத் தேவையான முதல் தகுதி.

பாறைக்குள் சூடு எவ்வளவு வேகமாக நகரும் என்பதை எளிய கணக்கால் மதிப்பிடலாம். கிரானைட் வகைப் பாறையில் ஓராண்டில் சுமார் 5 மீட்டர் பரவும். பத்து மடங்கு தூரம் போக நூறு மடங்கு காலம் வேண்டும். 50 மீட்டருக்கு நூறு ஆண்டு. 500 மீட்டருக்குப் பத்தாயிரம் ஆண்டு. ஒல்கிலுவோட்டோவில் புதைப்புச் சுரங்கங்களுக்கு இடையே 25 மீட்டர். சுவீடனின் ஃபோர்ஷ்மார்க்கில் 40 மீட்டர். அங்கே குழிக்குக் குழி சுமார் 6 மீட்டர். ஆக, ஓர் உருளையின் சூடு பக்கத்து உருளையை ஓரிரண்டு ஆண்டிலும், பக்கத்துச் சுரங்கத்தைச் சில பத்தாண்டுகளிலும் தொட்டுவிடும். அதன் பிறகு மொத்தப் புதைவிடமும் ஒரே சூடான தகடாக நடந்துகொள்ளும். தரைமட்டத்தை அந்தச் சூடு எட்டுவதற்குள் அதன் மூலம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். 12,000 டன் எரிபொருளை, சுமார் 6,000 உருளைகளில் அடைக்கப்போகும் ஃபோர்ஷ்மார்க்கில் 60 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் வெட்ட வேண்டியிருக்கிறது. கழிவின் கன அளவுக்கு இத்தனை இடம் தேவையே இல்லை. சூட்டுக்குத்தான் இடம். புதைவிடத்தின் பரப்பும் செலவும் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

சூடான பாறை விரியப் பார்க்கும்; சுற்றியுள்ள பாறை விடாது. ஏற்கெனவே பூமியின் அழுத்தத்தில் இருக்கும் குழிச் சுவரில் அந்த நெருக்கமும் சேர்ந்தால் சில்லுசில்லாகப் பெயரும். சுவீடனின் ஆஸ்போ ஆய்வுச் சுரங்கத்தில், அருகருகே வெட்டிய இரண்டு பெரிய குழிகளுக்கு நடுவிலிருந்த பாறைத் தூணை வேண்டுமென்றே சூடேற்றிப் பார்த்தபோது இதைக் கண்ணால் கண்டார்கள். பெயர்ந்த இடம் நீருக்கு வழியாகும் என்பதால் அதுவும் கணக்கில் ஏறியது.

பாறை மாறினால் சூட்டின் நடத்தையும் மாறும். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து ஆகியவை களிப்பாறையை நம்புகின்றன. பிரான்சின் பூர் என்ற ஊரின் கீழே சுமார் 490 மீட்டர் ஆழத்தில் இருக்கும் களிப்பாறை ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழமையானது. அங்கே கவலை வேறு. பாறையின் நுண்துளைகளில் அடைபட்ட நீர், சூட்டில் பாறையைவிட அதிகமாக விரியும். வெளியேற வழி இல்லாததால் அழுத்தம் ஏறும். அளவு மீறினால் பாறை உள்ளுக்குள்ளே விரிசல் விடலாம். பாறை 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும், கண்ணாடிக் கழிவைப் பல பத்தாண்டுகள் மேலேயே ஆறவிடும் திட்டமும் இதையும் மனத்தில் வைத்தவை. பெல்ஜியத்தின் மோல் நகரில் 225 மீட்டர் ஆழத்து ஆய்வுச் சுரங்கத்தில் இந்த ஒரே கேள்விக்காகவே பத்தாண்டுச் சோதனை ஒன்றை வகுத்து, 2014-ல் சூடேற்றத் தொடங்கினார்கள்.

உப்புப் பாறையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் காதல் அதன்மேல்தான் இருந்தது. 1957-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு, கழிவைப் புதைக்க உப்புப் படிவங்களே மிகவும் நம்பிக்கை தருபவை என்று பரிந்துரைத்தது. காரணங்கள் வலுவானவை. உப்பு கோடிக்கணக்கான ஆண்டு நீடித்திருக்கிறது என்றால் அங்கே நீரோட்டம் இல்லை. கிரானைட்டைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். அழுத்தத்தில் மெல்ல வழிந்து விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். கான்சாஸ் மாநிலத்தின் லயன்ஸ் ஊரில், கைவிடப்பட்ட உப்புச் சுரங்கத்தில் 1965 முதல் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதனை நடத்தியது. நிஜமான பயன்படுத்திய எரிபொருளையே கீழே இறக்கினார்கள். பக்கத்தில் மின்சூடேற்றிகளும் வைத்தார்கள். உப்புப் படிகங்களுக்குள் பழங்காலக் கடல்நீர் சிறு சிறு துளிகளாக அடைபட்டிருக்கும். சூட்டின் முன் அந்தத் துளிகள் நகர்கின்றன. துளியின் சூடான பக்கம் உப்பைக் கரைக்கிறது, குளிர்ந்த பக்கம் உப்பு படிகிறது. இப்படிக் கரைத்துக் கரைத்துத் துளி சூட்டை நோக்கியே வருகிறது. உலர்ந்தது என்று நம்பித் தேர்ந்த பாறையில், கழிவின் சூடே உப்புநீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது.

ஆனால் லயன்ஸைக் கவிழ்த்தது இந்தத் துளிகள் அல்ல. 1970-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் லயன்ஸைத் தேர்ந்துவிட்டதாக அறிவித்தது. கான்சாஸ் நிலவியல் ஆய்வகத்தார் அவசரம் வேண்டாம் என்றார்கள். சூடு பாறையில் எப்படிப் பரவும் என்ற கணக்கே முழுமையாக இல்லை என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் பழைய எண்ணெய், எரிவாயுத் துளைகள் பல இருப்பதையும், அவற்றில் சிலவற்றை நம்பி அடைக்க முடியாது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். அருகிலிருந்த வேறொரு உப்புச் சுரங்கத்தில் உப்பைக் கரைத்தெடுக்க உள்ளே செலுத்திய சுமார் 1,75,000 கேலன் தண்ணீர் திரும்பி வராமல் எங்கேயோ போயிருந்தது என்பதும் தெரியவந்தது. 1972-ல் திட்டம் கைவிடப்பட்டது. உள்ளூர் அறிவியலாளர்களின் கேள்வியை எரிச்சலாகப் பார்த்த ஆணையம், நம்பிக்கையையும் சேர்த்து இழந்தது. பிறகு அமெரிக்கா நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில் உப்புக்குள் ஒரு புதைவிடத்தை 1999-ல் திறந்தது என்பது மெய்தான். ஆனால் அங்கே போவது ராணுவத் திட்டங்களின் புளூட்டோனியம் கலந்த கழிவு. சூடு மிகுந்த உயர்நிலைக் கழிவுக்கு அங்கே சட்டப்படி இடமில்லை.

நெவாடாவின் யூக்கா மலைக்கு நேர்ந்தது இன்னொரு வகை. 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மற்ற இடங்களை எல்லாம் பட்டியலிலிருந்து நீக்கி அந்த ஒன்றையே ஆராயச் சொன்னது. அங்கே பாறை எரிமலைச் சாம்பல் இறுகியது. புதைவிடம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே அமைய இருந்தது. ஆகவே வடிவமைப்பாளர்கள் சூட்டைத் தோழனாக்கப் பார்த்தார்கள். சுரங்கச் சுவர் நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சுட்டால் சொட்டும் நீர் ஆவியாகி விலகிப்போகும், ஆயிரம் ஆண்டுக்குக் கலன்கள் காய்ந்தே இருக்கும் என்பது அவர்கள் வாதம். 1997 டிசம்பரிலிருந்து நான்கு ஆண்டு ஒரு முழுச் சுரங்கத்தையே 200 டிகிரி வரை சூடேற்றிப் பார்த்தார்கள். ஆவியான நீர் அப்பால் போய்க் குளிர்ந்து நீராகி என்ன செய்யும், எந்த விரிசல் வழியாகத் திரும்பும் என்ற கேள்வி மட்டும் அறிவியலாளர்களை இறுதிவரை இரண்டு பக்கமாகப் பிரித்தது. திட்டம் 2010 வாக்கில் அரசியலால் நின்றது. என்னைக் கேட்டால், சூட்டைக் குறைத்து எளிதில் கணிக்கக்கூடிய பாதையில் போன நார்டிக் நாடுகளின் தேர்வே சரி. நூறு டிகிரிக்குக் கீழே நீர் நீராகவே இருக்கும். கணக்குப் போட நமக்குத் தெரிந்த உலகம் அது.

இனி காத்திருப்பு. ஆறுவதற்கு ஐம்பது ஆண்டு வேண்டும் என்ற இந்த இயற்பியல் உண்மை அரசுகளுக்கு மிகவும் வசதியானது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. ஃபின்லாந்து அதை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். 1983-ல் அரசு ஒரு கால அட்டவணை போட்டது: 2000-க்குள் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 2020 வாக்கில் புதைக்கத் தொடங்க வேண்டும். 1987-ன் அணுசக்திச் சட்டம் உள்ளூர் ஊராட்சிக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அளித்தது. 2000 ஜனவரியில், ஒல்கிலுவோட்டோ அமைந்திருக்கும் யூரயோக்கி ஊராட்சியின் மன்றம் 20–7 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. 2001 மே மாதம் நாடாளுமன்றம் 159–3 என ஒப்புதல் தந்தது. 2004-ல் தோண்டத் தொடங்கி, 2015-ல் கட்டுமான உரிமம் வாங்கி, 2024-ல் சோதனை ஓட்டத்தைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டு அட்டவணையில் சில ஆண்டு மட்டுமே பிந்தியிருக்கிறார்கள். எரிபொருள் குளத்தில் ஆறிக்கொண்டிருந்த காலத்தையே ஊராரிடம் பேசவும், துளையிட்டுப் பார்க்கவும், பாறையைப் படிக்கவும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. ஃபின்லாந்தின் லோவீசா உலைகள் சோவியத் வடிவமைப்பான விவிஇஆர் வகை. அவற்றின் எரிபொருளை 1996 வரை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1994-ல் சட்டத்தைத் திருத்தி, ஃபின்லாந்தில் உண்டான கழிவை ஃபின்லாந்திலேயே முடிக்க வேண்டும் என்று விதித்தார்கள். இப்போது லோவீசா எரிபொருளுக்கும் ஓன்கலோவில் இடம் உண்டு. அந்த உருளைக்கான சூட்டு வரம்பு 1,370 வாட். கூடங்குளமும் விவிஇஆர் குடும்பம்தான், அளவில் பெரியது. 1988 ஒப்பந்தத்தின்படி அதன் பயன்படுத்திய எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போக வேண்டும். 1998-ன் துணை ஒப்பந்தம் அதை மாற்றியது. எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும். திருப்பி அனுப்பும் வழி மூடியதும் ஃபின்லாந்து பாறையில் தோண்டியது. நாம் அந்த அளவுக்குப் போகவில்லை.

அரசின் பதில் தெரிந்ததுதான். இந்தியா எரிபொருளை அப்படியே புதைப்பதில்லை. மறுபதப்படுத்திப் புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கிறது. மிஞ்சும் கழிவு குறைவு. அதனால் ஆழ்நிலப் புதைவிடம் இப்போதைக்குத் தேவையில்லை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் அந்தத் திரவக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலன்களில் வார்க்கும் திறன் இந்தியாவுக்கு உண்டு. உலகில் சில நாடுகளே அதைச் செய்கின்றன. தாராப்பூரில் அந்தக் கலன்கள் இயற்கையான காற்றோட்டத்தாலேயே குளிரும் நிலவறையில் ஆறுகின்றன. விசிறி நின்றாலும் கவலையில்லை. கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்து, மருத்துவமனைகளில் ரத்தத்துக்குக் கதிரூட்டும் கருவிகளில் வைக்கும் கண்ணாடிக் குச்சிகளாகச் செய்வதும் நல்ல வேலை. கண்ணாடியில் சேரும் சூடு அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் மறுபதப்படுத்தலால் சூடு மறைந்துவிடாது. சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் பெரும்பாலும் கண்ணாடிக்குள் போகின்றன. இன்னொன்று, காத்திருப்பதற்கும் விலை உண்டு. எரிபொருளில் புளூட்டோனியம்-241 இருக்கிறது. அரை ஆயுள் 14 ஆண்டு. அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. எரிபொருளை நெடுங்காலம் வைத்திருந்து பிறகு பதப்படுத்தினால் சீசியத்தின் சூடு குறைந்திருக்கும், ஆனால் 432 ஆண்டு அரை ஆயுளுள்ள அமெரிசியம் கூடியிருக்கும். அது புளூட்டோனியத்தோடு பிரிந்து போகாமல் கழிவோடு சேரும். ஐம்பது ஆண்டில் ஆற வேண்டியதை ஆயிரம் ஆண்டுக்கு நீட்டும் மாற்றம் இது. புளூட்டோனியத்தையே எரிபொருளாகக் கொள்ளும் கல்பாக்கத்து அதிவேக ஈனுலை போன்றவற்றின் எரிபொருளில் அமெரிசியமும் கியூரியமும் இன்னும் கூடுதலாகப் பிறக்கும். ஐரோப்பாவில் பயன்படுத்திய புளூட்டோனியக் கலப்பு எரிபொருளைப் புதைப்பதென்றால் நூறாண்டுக்கும் மேல் ஆற வேண்டும் என்றே கணக்கிடுகிறார்கள். மூடிய எரிபொருள் சுழற்சி என்பதே புதைவிடத்துக்கு மாற்று என்று சொல்வதை இந்த எண்கள் அனுமதிக்கவில்லை.

இந்தியா பாறையைச் சூடேற்றிப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1980-களில் மின்சூடேற்றிகளை வைத்து எட்டு ஆண்டு சோதனை நடத்தியது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வெட்டிய சுரங்கம் அது. சோதனை என்ற அளவில் அது காலத்துக்கு முந்தியது என்றே சொல்வேன். ஆனால் 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, பயன்படுத்திய எரிபொருளைக் கோலாரில் வைக்கும் யோசனை உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் தரப்பிலிருந்து வெளிப்பட்டதும் தங்கவயலில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அணுசக்தித் துறை பின்வாங்கியது. மக்களின் கோபம் நியாயமானது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டு வேலை போய், சயனைடு மண்மேடுகளின் தூசியில் வாழ்கிறவர்களுக்கு, தங்கள் காலடியில் என்ன வரப்போகிறது என்பது நீதிமன்றச் செய்தியாகத் தெரியவந்தது. பொறியியல் நோக்கிலும் கோலார் தவறான இடம். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகக் குடைந்து, பாறை வெடிப்புகளால் நொறுங்கி, நீர் நிரம்பிக் கிடக்கும் பழைய சுரங்கத்தில் சூடான கழிவை வைப்பது எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஜெர்மனியின் ஆசே உப்புச் சுரங்கத்தில், சூடு குறைந்த கழிவு என்று சொல்லி 1967-லிருந்து 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். இப்போது நாளொன்றுக்கு 12 கன மீட்டர் அளவில் உப்புநீர் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். வேறு தேவைக்காகத் தோண்டிய பள்ளம் இதற்கு உதவாது.

தென்னிந்தியாவில் எங்கே தோண்டினாலும் இன்னொரு கணக்கு குறுக்கே நிற்கும். ஒல்கிலுவோட்டோவில் புதைப்பு ஆழத்தில் பாறையின் இயல்பான சூடு 11 டிகிரிக்கு உட்பட்டது. 100 டிகிரி வரம்புக்கு 89 டிகிரி இடம் இருக்கிறது. நம் தக்காணத்துப் பாறையில் தரையின் சராசரியே 26, 27 டிகிரி. 500 மீட்டர் ஆழத்தில் 33, 35 டிகிரி இருக்கும். மிஞ்சுவது 65 டிகிரிதான். ஒரே கலன், ஒரே இடைவெளி என்றால் நாம் இறக்கக்கூடிய சூடு ஃபின்லாந்து இறக்குவதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அல்லது அதே சூட்டுக்கு அதிக இடைவெளி, அதிக சுரங்கம், அதிக செலவு. இல்லையென்றால் இன்னும் சில பத்தாண்டு மேலே ஆறவிட வேண்டும். வெளிநாட்டு வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு கணக்கைக் காட்டலாம்.

2013 மே 6 அன்று கூடங்குளம் உலைக்கு அனுமதி தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆழ்நிலப் புதைவிடம் கூடிய விரைவில் அமைக்கப்பட வேண்டும் என்று சொன்னது. இன்றுவரை இடம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. உலைக்கு வெளியே எரிபொருளைச் சேமிக்கும் மையத்துக்காக 2019 ஜூலையில் கூட்டவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் நின்றுபோனது. அந்த எதிர்ப்பை வெறும் பயம் என்று தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைக்கால மையம் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பவருக்கு, அதற்குப் பின் போகும் இடம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். போகும் இடம் இல்லாதபோது ‘இடைக்காலம்’ என்பதற்கு முடிவில்லை. லயன்ஸில் நிலவியலாளர்கள் கேட்டதையே கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரையில் மீனவர்கள் கேட்டார்கள்.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. அதன் முதல் எரிபொருளுக்கு ஐம்பது ஆண்டு ஆறும் காலம் கொடுத்தால் 2060-களின் நடுப்பகுதி வரும். ஃபின்லாந்துக்கு முதல் அட்டவணையிலிருந்து சோதனை ஓட்டம் வரை நாற்பத்தொரு ஆண்டு ஆயிற்று. அதுவும் ஐம்பத்தைந்து லட்சம் பேர் கொண்ட, நிலவியல் வரைபடம் துல்லியமாக உள்ள, ஊராட்சியின் சொல்லுக்கு மதிப்புள்ள நாட்டில். அதே வேகத்தில் நாம் நடப்பதாக வைத்தாலும் இந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இடம் தேடும் வேலை தொடங்கியாக வேண்டும்: எந்தப் பாறை, கலனுக்கு எத்தனை வாட், எத்தனை ஆண்டு மேலே ஆறும் என்ற மூன்று எண்களோடு, எந்த ஊராட்சியில் துளையிடப் போகிறார்களோ அங்கே, அந்த ஊர் மொழியில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு.